பெண்கள் ஃபுட்டி: பயிற்சி ஆட்டம் பார்க்கப் போவதில் என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 8, வியாழன்

போன சனி மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண்கள் ஃபுட்டி (அவுஸ்திரேலிய ரூல்ஸ் உதைபந்து) பயிற்சி ஆட்டத்துக்குப் போனேன். அவளுக்கு வயது 12. ஸ்கோர்போர்ட் கூட ஓடவில்லை. பந்து எங்கே போனாலும் அதற்கு மேல் எட்டுப் பேர் விழுந்து கிடக்கிறார்கள். முதல் பாதி முழுக்க இரண்டே கோல். சீசன் தொடங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான் நினைக்கிறேன். மகளோ இப்பவே கிளப்பில் சேர்த்துவிடு என்று நிற்கிறாள். மெல்பேர்னில் கன காலம் பார்த்தவர்கள் சொல்லுங்கள், பயிற்சி ஆட்டத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பதில், ஆகஸ்ட் 8, இரவு 9.40

தம்பி, எங்கே இருந்து பார்த்தீர்கள்? மேலே கூரைக்குக் கீழே கதிரையில் இருந்தால் நீங்கள் சொன்ன கும்பல் மட்டும்தான் தெரியும். வேலியோரம் வந்து நின்றிருக்க வேணும்.

2017இல் இருந்து இந்தப் பிள்ளைகளின் ஆட்டம் பார்க்கிறேன். சீசன் ஆட்டமா பயிற்சி ஆட்டமா என்று கேட்டால், பயிற்சி ஆட்டத்துக்குத்தான் முதலில் வெளிக்கிடுவேன். ஏன் என்று இப்போது அவசரத்தில் எழுதினால் பிழையாக வரும். சனிக்கிழமை பிறின்சஸ் பார்க்கில் கார்ல்டன் கிளப் பெண்களுக்கு ஒரு பயிற்சி ஆட்டம். போய்வந்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, பகல் 12.20

வந்துவிட்டேன். 19ஆம் நம்பர் ட்ராமில் வந்து றோயல் பரேடில் இறங்கினால் எட்டி நடக்கும் தூரம். காற்று காதை அறுக்கிறது. ரிக்கற் இல்லை, கதவு திறந்து கிடக்கிறது. இருநூறு சனம் இருக்கும், அதில் பாதி விளையாடுகிறவர்களின் அம்மா அப்பா. நாய் நாலு. ஒரு கறுப்பு லாப்ரடோர் கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தைக் கவ்விக்கொண்டு ஓட, எல்லை நடுவர் பின்னால் ஓட, கடைசியில் நாயின் சொந்தக்காரி பாய்ந்து பிடித்தா. இன்றைக்கு இதுவரை நான் கண்ட மிக வடிவான டாக்கிள் (பந்தோடு ஓடுகிறவவைப் பிடித்து மடக்குவது) அதுதான்.

ஆகஸ்ட் 10, இரவு 10.15

விரல் விறைத்து அங்கே எழுத ஏலவில்லை. இப்போது தேத்தண்ணியோடு இருந்து எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தைச் சொல்கிறேன். சீசனில் ஒலிபெருக்கி, பாட்டு, கூட்டத்தின் கூச்சல் எல்லாம் சேர்ந்து உள்ளே என்ன கதைக்கிறார்கள் என்று ஒருத்தருக்கும் கேட்காது. இன்றைக்கு வேலியில் கையூன்றிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் பத்து மீற்றரில் பின்வரிசைப் பிள்ளை ஒன்று. பந்து நூறு மீற்றருக்கு அப்பால் மற்ற முனையில் கிடக்கும்போதும் அவ வாய் ஓயவில்லை. "மேன் ஓன்" என்றால் உன் முதுகில் ஆள் வருகிறது, கெதியாக விடு. "டைம்" என்றால் அவசரமில்லை, நிமிர்ந்து பார். "டேர்ன்" என்றால் திரும்பு, உனக்கு முன்னால் வெளி கிடக்கிறது. பந்து வைத்திருக்கிறவவுக்கு முதுகில் கண் இல்லை. மற்றப் பதினைந்து பேரின் வாய்தான் அவவுக்குக் கண்.

ஆட்டத்தின் நாலு கால்வாசியில் மூன்றாவதில் ஒரு கோல் போனது. எல்லாரும் நடுவுக்குத் திரும்பி நடக்க, அந்தப் பிள்ளை வாய்க்கவசத்தைக் கழற்றிக் காலுறைக்குள் சொருகிவிட்டு, பக்கத்தில் நின்ற இளையவளின் தோளைப் பிடித்து மூன்று அடி இடப்பக்கம் நகர்த்தி வைத்தா. வைத்துவிட்டு, இப்போ பார் என்று கையை நீட்டிக் காட்டினா. இளையவள் பார்த்தாள், தலையாட்டினாள். பெருவிரலில் சுற்றியிருந்த வெள்ளை டேப் பாதி கழன்று தொங்கியது, அதைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பிவிட்டு ஓடினாள். அடுத்த முறை அந்தப் பக்கம் பந்து வந்தபோது அவள் சரியான இடத்தில் நின்றாள். கோல் ஒன்றும் நடக்கவில்லை, பந்து வெளியே போனது, அவ்வளவுதான். ரீவியில் இது வந்தே இருக்காது.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் விளையாடினவள். எங்களுக்குப் பழக்கினவ நல்ல கெட்டிக்காரி. ஆனால் ஒரு விதி வைத்திருந்தா: பிள்ளைகள் மைதானத்தில் கத்தக்கூடாது, ஆட்கள் பார்க்கினம். பந்து வேணுமென்றால் கை தட்டிக் கேட்க வேணும். நாலு வருசம் கை தட்டியே விளையாடினோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு ஒரு ஆட்டத்தில் எனக்குப் பின்னால் ஆள் வந்தது தெரியாமல் பந்தை விட்டேன். என்னுடைய சிநேகிதி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் தோற்றதை மறந்துவிட்டேன், அவளுடைய முகம் மறக்கவில்லை.

சரி, கும்பல் விசயம். தம்பி, கும்பலைப் பார்க்க வேண்டாம். அதற்கு இரண்டடி வெளியே நிற்கிற பிள்ளையைப் பாருங்கள். உள்ளே கிடக்கிறவ பொத்திய கையால் பந்தைத் தட்டிக் கொடுப்பது அவவுக்குத்தான். அடுத்த கும்பலிலும் அவ அங்கேயே நிற்பா, அல்லது வேறொருத்தி நிற்பா. யார் எப்போது அங்கே நிற்பது என்பதைத்தான் இன்றைக்கு முழுக்கப் பழகினார்கள். அது பிடிபட்டால் ஆட்டம் பிடிபட்டுவிடும்.

ஆகஸ்ட் 11, காலமை

கீழே ஒருவர் கேட்கிறார், அப்படியென்றால் கோல் ஏன் இவ்வளவு குறைவு, ஆண்கள் ஆட்டத்தில் நூறு புள்ளி போகிறதே என்று. (ஒரு கோலுக்கு ஆறு புள்ளி, கோலைத் தவறிப் பக்கத்தால் போனால் ஒன்று.)

இவர்கள் பிந்தித் தொடங்கினவர்கள், அதுதான் காரணம். எரின் ஃபிலிப்ஸை எடுங்கள். தகப்பன் கிரெக் ஃபிலிப்ஸ் போர்ட் அடிலெய்டின் பெரிய ஆட்டக்காரர். மகள் 13 வயது வரை பெடியன்களோடு விளையாடினா. அதோடு இனி ஏலாது என்றார்கள், பெண்களுக்கென்று போவதற்கு அணியும் இல்லை. கூடைப்பந்துக்குப் போய் அமெரிக்காவில் 2012லும் 2014லும் சாம்பியன் அணிகளில் இருந்தா. 2017இல் பெண்கள் லீக் தொடங்கியபோது அவவுக்கு 31 வயது. அந்த வருசம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரி விருதும் அவவுக்குத்தான். அந்தப் பதினெட்டு வருசத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

மெல்பேர்னிலும் இதே கதைதான். பெனி குலா-ரீட் உட்பட மூன்று பிள்ளைகள், பெடியன்களோடு விளையாட விடவில்லை என்று தீர்ப்பாயம் வரை போனார்கள், 2004இல். அதற்குப் பிறகுதான் விக்டோரியாவில் இளம் பெண்களுக்கென்று போட்டி வந்தது. இப்போது 20, 21 வயதில் ஆடுகிறவர்கள் அதற்குப் பிறகு வளர்ந்தவர்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, இடது காலாலும் வலது காலாலும் ஒரே மாதிரி உதைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 11, பின்னேரம்

காலமை எழுதினது பாதிதான் சரி. உடுப்புக் காயப்போடும்போது முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பிந்தித் தொடங்கியது உண்மை, ஆனால் ஆட்டத்தின் அமைப்பும் வேறு. ஆண்களில் 18 பேர், இவர்களில் 16 பேர். கால்வாசி நேரமும் ஆண்களுடையதை விடக் குறைவு. மைதானம் அதே பெரிய மைதானம்தான், நீளம் ஏறக்குறைய 160 மீற்றர். உதை 50 மீற்றர் போகும் என்றால் எதிரணி பரந்து நின்று காவல் காக்க வேணும். 35, 40 மீற்றர் என்றால் எல்லாரும் பந்தை நோக்கி வந்துவிடலாம். அதனால்தான் கும்பல். அதைக் கலைக்கத்தான் நடுவில் பந்தைப் போடும்போது முன்னால் ஐந்து, நடுவில் ஆறு, பின்னால் ஐந்து என்று நிற்க வேணும் என்று வைத்திருக்கிறார்கள். மைதானத்தின் நடுப்பகுதியில் பந்தை உதைத்தோ பொத்திய கையால் அடித்தோ நேரே வெளியே விட்டால் மற்ற அணிக்கு ஃப்ரீ கிக்.

இன்னொன்று, சம்பளம். 2017இல் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது 8,500 டொலர். பகல் முழுக்க வோர்டில் நின்றுவிட்டு இரவு ஏழு மணிக்குப் பயிற்சிக்கு வந்த தாதிமார் இருந்தார்கள், ஆசிரியைகள் இருந்தார்கள், பொலிஸ் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் தொடங்கிய சீசனில் ஆகக் குறைந்தது 39,184. 2023இல் வந்த ஒப்பந்தத்தோடு சராசரி 60,000 அளவுக்குப் போனது. கிழமையில் எத்தனை மணித்தியாலம் ஒன்றாகப் பழக முடிகிறதோ அவ்வளவு கோல் வரும். தனியே பழகி உதை நீளலாம். யார் எங்கே நிற்பது என்பது தனியே பழகி வராது.

நேற்றைய ஆட்டத்தில் கடைசிக் கால்வாசி முழுக்கப் புதுப் பிள்ளைகளை இறக்கினார்கள். கோல் வரவே இல்லை. ஆனால் சத்தம் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 12

ஒரு திருத்தம், எனக்கே அதிர்ச்சியான திருத்தம்.

சென்ற வருசம் இதே மன்றத்தில், பெண்கள் லீக்கின் முதல் கோலைக் கார்ல்டன் அடித்தது, அந்த ஆரவாரத்தை நானே கேட்டேன் என்று எழுதியிருந்தேன். அது பிழை. முதல் கோல் கொலிங்வூட்டின் ஜாஸ்மின் கார்னர் அடித்தது.

நடந்தது இது. 2017 பெப்ரவரி 3, வெள்ளி இரவு, இதே பிறின்சஸ் பார்க். வேலை முடிந்து மகளையும் இழுத்துக்கொண்டு வருவதற்குள் இடம் நிறைந்து கதவை மூடிவிட்டார்கள். உள்ளே 24,568 பேர். வெளியே எங்களைப் போல இன்னும் கன சனம். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. மகள் அப்போது சின்னப் பிள்ளை, என் தோளில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, நெஞ்சுக்குள் இடித்தது. பக்கத்தில் நின்ற வயது போன அம்மா ஒருத்தி என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. இருவரும் கார்ல்டன் கழுத்துச்சால்வை போட்டிருந்தோம், எங்கள் கோல் என்றே நினைத்துக்கொண்டோம். கார்ல்டன் 46, கொலிங்வூட் 11 என்று ஆட்டம் முடிந்தது. டார்சி வெசியோ 4 கோல் அடித்தார். அதனால் அந்த முதல் சத்தமும் எங்களுடையதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது.

இப்போது கணக்குப் பார்த்தால், கொலிங்வூட் அன்றைக்கு அடித்த ஒரே கோல் அதுதான். ஏழு வருசமாக எதிரணியின் கோலை நெஞ்சில் வைத்திருக்கிறேன். பரவாயில்லை, வைத்திருக்கிறேன். அந்த அம்மாவும் எந்த அணிக்காக அழுதா என்று இன்றைக்கு யோசித்தால், அணிக்காக இல்லை.

ஆகஸ்ட் 12, சற்றுப் பிறகு

இன்னொன்றும் திருத்துகிறேன். பந்து ஆண்களுடைய பந்துதான் என்று முன்பு ஒருவருக்குச் சொன்னேன். இல்லை, ஒரு அளவு சின்னது, ஷெரின் கொம்பனிப் பந்தில் 4ஆம் அளவு. ஆண்களுடையது 5. சனிக்கிழமை வேலிக்கு மேலால் வந்த பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நனைந்த சிவப்புத் தோல், தையலில் புல் ஒட்டியிருந்தது, நினைத்ததை விடப் பாரம். திருப்பி எறிய மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 14

தம்பி தனிமடலில் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், மற்றத் தாய் தகப்பன்மாருக்கும் உதவும். "அக்கா, எல்லாம் சரி, முழங்கால்?" என்று கேட்டிருக்கிறார்.

இதை மூடிமறைக்க மாட்டேன். முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல் என்ற நார் அறுவது பெண்கள் ஃபுட்டியில் ஆண்களை விடக் கூட. அறுந்தால் மீண்டும் விளையாட ஒன்பது மாதத்தில் இருந்து ஒரு வருசம் வரை எடுக்கும். அதிலும் கனக்க நடப்பது இடிபட்டு இல்லை. ஆளே கிட்ட இல்லாத நேரத்தில், ஒற்றைக் காலில் இறங்கும்போது, அல்லது ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது.

2019 இறுதியாட்டத்தில், அடிலெய்ட் ஓவலில், 53,034 பேருக்கு முன்னால் எரின் ஃபிலிப்ஸுக்கு அதுதான் நடந்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது முழு அரங்கமும் எழும்பி நின்று கை தட்டியது. எங்கள் கார்ல்டனுக்கு எதிரான ஆட்டம் அது, நாங்கள் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். ரீவிக்கு முன்னால் நானும் எழும்பி நின்றேன். அவ திரும்பி வந்தா, 2022இல் இன்னொரு கோப்பையும் வென்றா.

சனிக்கிழமையும் ஒரு பிள்ளை விழுந்தது. முதலில் எழுதாமல் விட்டேன், ஏனென்றால் என்னவென்று தெரியாமல் எழுதக்கூடாது. நான் நின்ற பக்கத்தில்தான். கிட்ட ஒருத்தரும் இல்லை. அதுவரை ஓயாமல் கேட்ட குரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. காற்றில் கொடிக் கம்பியின் கயிறு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பின்வரிசைப் பிள்ளை ஓடி வந்து பக்கத்தில் முழங்காலில் இருந்து, விழுந்தவவின் நெற்றியில் கை வைத்து, மெல்லமாகக் கதைத்துக்கொண்டே இருந்தா. என்ன சொன்னா என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

உங்களுடைய மகளைச் சேர்ப்பதென்றால் கிளப்பில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: பயிற்சிக்கு முன் "பிரெப் டு ப்ளே" செய்கிறீர்களா? பாய்ந்து இறங்குவது, திசை திருப்புவது, விழுவது, டாக்கிள் வாங்குவது எல்லாம் அந்த உடற்பயிற்சியில் இருக்கிறது. செய்கிறோம் என்று சொல்கிற இடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள், உண்மையிலே செய்கிறார்களா, பந்தைக் கொடுத்து ஓடவிட்டுவிட்டு ஃபோன் பார்க்கிறார்களா என்று. என்னுடைய மகளின் முதல் கிளப்பில் இரண்டாவதுதான் நடந்தது. அடுத்த வருசம் மாற்றினோம். 12 வயது அதைப் பழக நல்ல வயது. என்னுடைய மகள் பத்து வயதில் விழப் பழகினாள், இப்போது விழுந்தால் பூனை மாதிரி உருண்டு எழும்புகிறாள். நான் வலைப்பந்தில் விழப் பழகவே இல்லை. அங்கே கிட்டப் போனாலே பிழை, மூன்று அடி தள்ளி நிற்க வேணும். அதனால் முதல் முதல் ஃபுட்டி பார்த்தபோது ஒவ்வொரு டாக்கிளுக்கும் கண்ணை மூடினேன்.

ஆகஸ்ட் 15

நல்ல செய்தி. விழுந்த பிள்ளைக்குக் கணுக்கால்தானாம், முழங்கால் இல்லை. பயிற்சிக்குப் போய்வருகிற ஒரு அம்மா சொன்னா. நேற்று நெஞ்சு படபடக்க எழுதினேன், இன்றைக்குச் சந்தோசமாகத் திருத்துகிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கீழே ஒருவர், கூடைப்பந்து வலைப்பந்தில் இருந்து வந்தவர்களை "உண்மையான ஃபுட்டிக்காரர் இல்லை" என்கிறார். ஷார்னி லேட்டன் வலைப்பந்தில் அவுஸ்திரேலியாவுக்கு விளையாடிவிட்டுக் கொலிங்வூட்டுக்கு வந்தா, உயரப் பாய்ந்து பந்தைத் தட்டுவது அவவுக்குப் பழகின வேலை. கோரா ஸ்டான்டன் அயர்லாந்தில் கேலிக் ஃபுட்போல் ஆடிவிட்டுச் சிட்னிக்கு வந்து, இந்த நீள்பந்தை உதைக்கப் பழகி, 36 வயதில் லீக்கில் இறங்கினா. கதவு பூட்டியிருந்தபோது யன்னலால் வந்தவர்கள் இவர்கள். வீட்டுக்காரர் இல்லையா?

ஆகஸ்ட் 18, இரவு

தம்பியும் மகளும் நேற்று வந்திருந்தார்கள். இன்னொரு பயிற்சி ஆட்டம், வேறு மைதானம். நான் சொல்லி மூவரும் வேலியில் நின்றோம், என்னுடைய மகளும் வந்தாள்.

தம்பி முதல் கால்வாசியில் கோல் எத்தனை என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டாவதில் கேட்கவில்லை. மூன்றாவதில் என்னைத் தட்டி, "அக்கா, அந்த 7ஆம் நம்பர் பிள்ளை ஒவ்வொரு தரமும் வெளியில்தான் நிற்குது, பந்து அவவிடம்தான் போகுது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஓம் என்று தலையாட்டினேன்.

தம்பியின் சின்னவள் முழு ஆட்டமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். ஆட்டம் முடிந்ததும் வேலிக்குள்ளே விட்டார்கள், புல்லில் பிள்ளைகள் எல்லாம் பந்து உதைத்தார்கள். என்னுடைய மகள் பந்தை வைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு பெடியன் ஓடி வந்தான். எங்கேயோ இருந்து கீச்சென்று "மேன் ஓன்!" என்று கேட்டது. தகப்பன் திரும்பிப் பார்த்தார். சின்னவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வீட்டில் இப்படிக் கத்திக் கேட்டதே இல்லை என்றார்.

என்னுடைய மகள் பந்தை விட்டுவிட்டு, "திரும்பச் சொல்லு, கேட்கேல்லை" என்றாள்.

ஆகஸ்ட் 20

தம்பி, பிள்ளைகளின் சீசன் இப்போது முடிகிற நேரம், இந்த வருசம் சேர்க்க ஏலாது. அடுத்த வருசத்துக்குப் பதிவு கோடையில் தொடங்கும். அதுவரை ஞாயிறு காலமை பத்து மணிக்கு நானும் மகளும் வீட்டுக்குப் பக்கத்து ஓவலில் நிற்போம். புல் நனைந்திருக்கும், மாற்றுடுப்பு கொண்டுவாருங்கள். முதல் இரண்டு கிழமையும் பந்து இல்லை, விழுவது மட்டும்.

மகளின் பழைய பூட்ஸ் ஒரு சோடி இருக்கிறது, ஒரு சீசன்தான் போட்டது. சின்னவளின் கால் அளவு என்ன?